ஓடும் மெசினில் டிஸ்க்கைக் கழற்றினால்: ஏஎச்சிஐ டிரைவரில் ஹொட்-சுவாப் பிழைகள், அறிகுறி வாரியாக

பூட் ஆகும்போது கொழுவியிருக்கும் சாட்டா டிஸ்க்கைக் கண்டுபிடித்து வாசிக்கவும் எழுதவும் தெரிந்த ஏஎச்சிஐ (சாட்டா கொன்ட்ரோலரோடு மென்பொருள் பேசும் தரநிலை) டிரைவர் ஒன்று உங்களிடம் இருக்கிறது. இனி, மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கைக் கழற்றவும் இன்னொன்றைக் கொழுவவும் வேண்டும், அதாவது ஹொட்-சுவாப். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக இறுதியாண்டு புரொஜெக்ட்டுக்குச் சொந்தமாகக் கேர்னல் எழுதுபவருக்கும், கல்யாண வீடியோ ஸ்ரூடியோவின் பழைய சேர்வரைத் திருத்திக் கொடுப்பவருக்கும் இதில் வரும் பிழைகள் ஏறக்குறைய ஒன்றுதான்.

எல்லோரும் கொழுவும் பக்கத்தைத்தான் முதலில் எழுதுவார்கள். அதில் பிழை இருந்தால் டிஸ்க் வராது, உடனே தெரிந்துவிடும். கழற்றும் பக்கம் அப்படியல்ல. இன்றைக்கு எல்லாம் சரிபோல இருக்கும். நாளைக்கு எங்கோ ஒரு புரொசெஸ் உறைந்து நிற்கும், அல்லது சம்பந்தமே இல்லாத மெமரி கெட்டுப்போயிருக்கும். அதனால் கீழே அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம்.

ரெஜிஸ்டர் ஆஃப்செட்டுகளும் ரெஜிஸ்டர் மதிப்புகளும் இங்கே ஹெக்ஸ் எண்கள். பிட் எண்கள் சாதாரண தசம எண்கள். ஒவ்வொரு போர்ட்டின் ரெஜிஸ்டர்களும் கொன்ட்ரோலரின் மெமரியில் 100இல் தொடங்கி, போர்ட்டுக்கு 80 வீதம் தள்ளித் தள்ளி இருக்கும். அடிக்கடி வரப்போகிறவை: இன்டரப்ட் ஸ்டேட்டஸ் 10, இன்டரப்ட் எனேபிள் 14, கமாண்ட் 18, டாஸ்க் ஃபைல் 20, சிக்னேச்சர் 24, எஸ்-ஸ்டேட்டஸ் 28, எஸ்-கொன்ட்ரோல் 2சி, எஸ்-எரர் 30, எஸ்-அக்டிவ் 34, கமாண்ட் இஷ்யூ 38.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. கியூஈஎம்யூ என்ற மெய்நிகர் மெசின் மென்பொருளில் ஏஎச்சிஐ எமுலேஷன் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் ஐடிஈ வகை டிஸ்க்கை ஓடும்போது கழற்றிக் கொழுவ முடியாது. பூட் பக்கத்தை அதில் சோதிக்கலாம். மிச்சத்துக்கு உண்மையான போர்டும், போனாலும் பரவாயில்லை என்று விடக்கூடிய இரண்டு டிஸ்க்குகளும் வேண்டும்.

அறிகுறி: டிஸ்க்கைக் கொழுவினால் ஒன்றுமே நடக்கவில்லை

கோடைத் தொடுமுன் எஸ்-ஸ்டேட்டஸை வாசித்து அச்சிடுங்கள். அந்த ஒரு எண்ணே பாதி வழியைக் காட்டிவிடும். கடைசி இலக்கம் இணைப்பு நிலை: 0 என்றால் எதிரில் யாரும் இல்லை, 1 என்றால் யாரோ இருக்கிறார்கள் ஆனால் பேச்சுத் தொடங்கவில்லை, 3 என்றால் லிங்க் ஏறிவிட்டது, 4 என்றால் போர்ட்டே அணைத்துக் கிடக்கிறது. நடு இலக்கம் வேகம்: 1, 2, 3 முறையே 1.5, 3, 6 கிகாபிட். முதல் இலக்கம் பவர் நிலை: 1 என்றால் விழிப்பு. ஆக 6 கிகாபிட்டில் ஒழுங்காக ஓடும் டிஸ்க் 133 காட்டும். 3 கிகாபிட்டில் 123.

133 வந்தும் டிரைவர் அசையவில்லையா? வன்பொருள் தன் வேலையைச் செய்துவிட்டது, பிழை உங்கள் பக்கம். அநேகமாகக் காரணம் பூட் லூப்தான். தொடக்கநிலை டிரைவர்களில் "டிஸ்க் இல்லாத போர்ட்டைத் தாண்டிப் போ" என்ற வரி, கமாண்ட் லிஸ்டுக்கும் எஃப்ஐஎஸ் (டிஸ்க்கும் கொன்ட்ரோலரும் பரிமாறும் செய்திப் பொதி) பஃபருக்கும் மெமரி ஒதுக்குவதற்கு முன்னாலேயே இருக்கும். வெறும் போர்ட்டுக்கு இன்டரப்ட் எனேபிள் பண்ணப்பட்டே இராது. கொன்ட்ரோலரின் போர்ட்ஸ் இம்பிளிமென்டட் ரெஜிஸ்டரில் (0சி) பிட் உள்ள ஒவ்வொரு போர்ட்டுக்கும், டிஸ்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பஃபரை ஒதுக்கி, எஃப்ஐஎஸ் ரிசீவை (கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 4) ஏற்றி, இன்டரப்ட் எனேபிளில் பிட் 6ஐயும் 22ஐயும் வையுங்கள். பிட் 6 புதிதாக ஒன்று வந்ததைச் சொல்லும். 22 லிங்க் விழுந்ததையும் எழுந்ததையும் சொல்லும்.

அதுவும் சரியென்றால் இன்டரப்ட் வரும் பாதையைக் கீழிருந்து மேலே பாருங்கள்: போர்ட்டின் எனேபிள், குளோபல் கொன்ட்ரோலின் (04) பிட் 1, பிசிஐ கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 10. கடைசியாகச் சொன்னது 1 ஆக இருந்தால் பழைய வகை இன்டரப்ட் வரவே வராது. எம்எஸ்ஐ (மெமரியில் எழுதி அனுப்பும் இன்டரப்ட்) பாவித்தால் அந்தப் பிட் பொருட்டல்ல.

எஸ்-ஸ்டேட்டஸ் 4இல் முடிகிறதா? பயாஸோ உங்கள் பூட் கோடோ வெறும் போர்ட்டை அணைத்துவிட்டது. எஸ்-கொன்ட்ரோலின் கடைசி நான்கு பிட்டில் 4 இருக்கும். அதை 1 ஆக்கி, ஒரு மில்லிசெகண்டுக்குக் குறையாமல் வைத்திருந்து, 0 ஆக்குங்கள். கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 1ஐயும் பார்க்க வேண்டும். டிஸ்க்குகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடும் ஸ்டேகர்ட் ஸ்பின்-அப்பைக் கொன்ட்ரோலர் ஆதரித்தால் (கேப்பபிலிட்டி ரெஜிஸ்டரின் பிட் 27), அந்தப் பிட் 0 ஆக உள்ள போர்ட் காது கொடுத்துக் கேட்குமே தவிர லிங்கை ஏற்றாது. பழைய இன்டெல் சிப்செட்டுகளில் பிசிஐ கொன்ஃபிக் 92இலும் போர்ட்டுக்கு ஒவ்வொரு எனேபிள் பிட் உண்டு.

பயாஸில் போர்ட் வாரியாக "ஹொட் பிளக்" என்று ஒரு தெரிவு இருக்கும். அதை ஏற்றினால் கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 18 வரும். அந்தப் பிட் பயாஸ் கொடுக்கும் வாக்குமூலம் மட்டுந்தான்: இந்தப் போர்ட்டைப் பயனர் கையால் தொடலாம் என்கிறது. அது இல்லாவிட்டாலும் பல போர்டுகளில் இன்டரப்ட் வரும். ஆனாலும் டிரைவர் அதை மதிப்பது நல்லது. கீழே பவர் சேமிப்பு பற்றிச் சொல்லும் இடத்தில் அது தேவைப்படும்.

எஸ்-ஸ்டேட்டஸ் 0 என்றால் வயரைப் பாருங்கள். இதில் பலரும் இடறும் ஒரு குழி: சாட்டா பவர் கனெக்டரின் 3ஆம் பின் முன்பு 3.3 வோல்ட், சாட்டா 3.3 பதிப்பிலிருந்து அது டிஸ்க்கை அணைக்கும் சிக்னலாகவும் பயன்படுகிறது. சேர்வருக்கென்று செய்த பெரிய டிஸ்க்கைப் பழைய பவர் சப்ளையில் கொழுவினால், 3ஆம் பின்னில் வோல்ட்டேஜ் நிற்கும்வரை அது சுழலவே சுழலாது. கையால் தொட்டுப் பாருங்கள், அதிர்வு இராது. மோலெக்ஸிலிருந்து எடுக்கும் அடப்டரில் 3.3 வோல்ட் வயரே இல்லாததால், அதில் கொழுவினால் டிஸ்க் எழும்பும். முதல் மூன்று பின்னையும் கப்டன் டேப்பால் மூடுவது இன்னொரு வழி. இதைத் தெரியாமல் டிரைவரைக் குடைந்து பயனில்லை.

அறிகுறி: கொழுவியவுடன் மெசின் உறைகிறது, அல்லது ஒரு கோர் 100 வீதத்தில் நிற்கிறது

இன்டரப்ட் புயல். இன்டரப்ட் ஸ்டேட்டஸின் பெரும்பாலான பிட்டுகளை 1 எழுதி அழிக்கலாம் என்பதால் பிட் 6ஐயும் அப்படியே அழிக்கப் பார்ப்பார்கள். அது அழியாது. பிட் 6, எஸ்-எரரின் பிட் 26இனுடைய நிழல். பிட் 22, எஸ்-எரரின் பிட் 16இனுடைய நிழல். மூலத்தை அழித்தால்தான் நிழல் போகும்.

எனவே ஹேண்ட்லரில் ஒழுங்கு இதுதான்: எஸ்-எரரை வாசித்து மதிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாசித்த அதே மதிப்பைத் திருப்பி எழுதி அழியுங்கள், பிறகு போர்ட்டின் இன்டரப்ட் ஸ்டேட்டஸ், கடைசியாகக் கொன்ட்ரோலரின் இன்டரப்ட் ஸ்டேட்டஸில் (08) அந்தப் போர்ட்டின் பிட். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் குளோபல் பிட் உடனே மறுபடி ஏறும்.

வாசித்த எஸ்-எரரைத் தூக்கி எறியாதீர்கள். லொக்கில் 4090000 என்று ஒரு எண் கிடைத்தால் அதைப் பிரித்துப் பாருங்கள்: பிட் 26 (எதிரில் உள்ளது மாறியிருக்கிறது), பிட் 19 (10பி-8பி டிகோட் பிழை), பிட் 16 (லிங்க் நிலை மாறியது). தொடுகை விடுபடும் கணத்தில் குப்பை சிக்னல் வந்தால் பிட் 19 ஏறும். 4050000 என்றால் பிட் 19க்குப் பதிலாக 18, அதாவது காம்வேக் என்ற எழுப்பும் சிக்னல் கேட்டிருக்கிறது. யாரோ எழும்பி வருகிறார்கள். லினக்ஸ் லொக்குகளிலும் இதே எண்களைக் காணலாம்.

ஹேண்ட்லருக்குள் வேறு எதுவும் செய்யக்கூடாது. ரீசெட், காத்திருப்பு, ஐடென்டிஃபை (டிஸ்க்கின் விவரம் கேட்கும் கட்டளை) எல்லாம் ஒரு வேர்க்கர் திரெட்டின் வேலை. அது வேலையை முடிக்கும்வரை அந்தப் போர்ட்டின் இன்டரப்ட் எனேபிளை 0 ஆக வைத்துவிடுங்கள்.

அறிகுறி: டிஸ்க் வந்ததாகத் தெரிகிறது, ஐடென்டிஃபை மட்டும் டைம்அவுட் ஆகிறது

மூன்று காரணங்கள், மூன்றும் ஒன்றாகவே வரக்கூடும்.

முதலாவது, அவசரம். கையால் கொழுவும்போது தொடுகை ஒரே அடியில் நிலைக்காது. எஸ்-ஸ்டேட்டஸை அடுத்தடுத்து வாசித்தால் 0, 1, 133, 0, 133 என்று துள்ளும். லினக்ஸின் சாட்டா டிரைவர் தொகுப்பான லிபாட்டா, ஹொட்-பிளக்குக்கு 25 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை வாசித்து, 500 மில்லிசெகண்ட் மாறாமல் நின்றால்தான் நம்பும். 2 செகண்டுக்குமேல் காத்திராது. இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்வதில் வெட்கமில்லை. லிபாட்டாவின் ஹொட்-பிளக் வேலை 2006இல் 2.6.18 கேர்னலோடு வந்தது; அன்றிலிருந்து எத்தனையோ வகை டிஸ்க்குகளோடு அடிபட்ட எண்கள் அவை.

இரண்டாவது, அழிக்காத எஸ்-எரர். பிட் 26 நிற்கும்வரை டிஸ்க் அனுப்பும் முதல் ரெஜிஸ்டர் எஃப்ஐஎஸ்ஸைக் கொன்ட்ரோலர் உங்களிடம் தராது. சிக்னேச்சர் ரெஜிஸ்டரில் எல்லாப் பிட்டும் 1 ஆகவே இருக்கும், டாஸ்க் ஃபைல் பிசியாகவே நிற்கும். எஃப்ஐஎஸ் ரிசீவ் அணைந்திருந்தாலும் இதே கோலம்தான். சாதாரண டிஸ்க்கின் சிக்னேச்சர் 00000101. 96690101 வந்தால் எதிரில் இருப்பது போர்ட் மல்டிபிளையர் (ஒரு போர்ட்டைப் பல டிஸ்க்குக்குப் பிரிக்கும் கருவி); அதை டிஸ்க் என்று நினைத்து ஐடென்டிஃபை அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, பொறுமையின்மை. எஸ்எஸ்டி உடனே பதில் சொல்லும். 3.5 அங்குல டிஸ்க் சுழன்று தயாராகப் பல செகண்ட் எடுக்கும். பிசி பிட் (டாஸ்க் ஃபைலின் பிட் 7) விழும்வரை 10 செகண்ட் பாருங்கள். விழாவிட்டால் மறுபடி ரீசெட் செய்து இன்னும் 10. அதற்குப் பிறகு ஒருமுறை 35. லிபாட்டாவும் இப்படித்தான் படிப்படியாக ஏறுகிறது.

வேர்க்கர் திரெட் செய்ய வேண்டியது:

1. கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 0ஐ இறக்கி, பிட் 15 விழும்வரை 500 மில்லிசெகண்ட் பார்க்க.
2. எஸ்-கொன்ட்ரோலின் கடைசி நான்கு பிட்டில் 1, குறைந்தது 1 மில்லிசெகண்ட், பிறகு 0.
3. எஸ்-ஸ்டேட்டஸின் கடைசி இலக்கம் 3 ஆகி நிலைக்கும்வரை மேலே சொன்ன டிபவுன்ஸ் (துள்ளல் அடங்கும்வரை காத்திருப்பது).
4. எஸ்-எரர் முழுவதையும் 1 எழுதி அழிக்க.
5. டாஸ்க் ஃபைலில் பிட் 7உம் பிட் 3உம் விழும்வரை காத்திருக்க.
6. சிக்னேச்சரைப் பார்த்து, கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 0ஐ ஏற்றி, ஐடென்டிஃபை.

4க்கும் 6க்கும் இடையில் டிஸ்க்கை மறுபடி கழற்றுபவர்களும் உண்டு. ஒவ்வொரு காத்திருப்புக்குள்ளும் எஸ்-ஸ்டேட்டஸையும் பாருங்கள். 0 ஆனவுடன் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெளியேறுங்கள்.

அறிகுறி: கழற்றிய பிறகு புரொசெஸ் உறைந்து நிற்கிறது, அன்மவுண்ட் திரும்பி வருவதில்லை

இங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும். பறக்கும் பட்டத்தின் நூலை நடுவில் அறுத்ததுபோல, டிஸ்க்கைக் கழற்றும் கணத்தில் 32 கட்டளைகள்வரை பாதிவழியில் இருக்கலாம். அவை ஒவ்வொன்றுக்கும் ஒரு பஃபர், ஒரு டைமர், காத்திருக்கும் ஒரு புரொசெஸ். அத்தனைக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டும், வன்பொருள் சொல்லாது.

உறைந்து நின்றால் முதற் சந்தேகம், கட்டளைப் பட்டியலைத் தொலைத்ததுதான். கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 0ஐ 1இலிருந்து 0 ஆக்கியவுடன் கமாண்ட் இஷ்யூவையும் எஸ்-அக்டிவையும் வன்பொருளே துடைத்துவிடும். முதலில் நிறுத்திவிட்டு, பிறகு "எவை பாதியில் நிற்கின்றன?" என்று அந்த ரெஜிஸ்டர்களிடம் கேட்டால் 0 என்ற பதில்தான் வரும். எல்லாம் முடிந்துவிட்டது என்று டிரைவர் நினைக்கும். காத்திருப்பவர் காத்திருந்துகொண்டே இருப்பார். அனுப்பிய கட்டளைகளின் கணக்கை டிரைவர் தன் மெமரியில் தனியாக வைத்திருக்க வேண்டும். ரெஜிஸ்டர் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். போர்ட்டின் ஸ்பின்லொக்கை எடுத்து, "டிஸ்க் போய்விட்டது" என்ற கொடியை ஏற்றுங்கள். அந்தக் கொடி ஏறியபின் வரும் எந்தக் கோரிக்கையும் கியூவுக்குள் நுழையாமல் வாசலிலேயே பிழையோடு திரும்ப வேண்டும். அடுத்து, பாதிவழியில் உள்ள டேக்குகளின் (கட்டளை எண்களின்) கணக்கைப் பிரதி எடுங்கள். லொக்கை விட்டு, கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 0ஐ இறக்கி, பிட் 15 விழும்வரை காத்திருங்கள். விழுந்த பிறகே, மறுபடி சொல்கிறோம், விழுந்த பிறகே, ஒவ்வொரு கட்டளையையும் "சாதனம் இல்லை" என்ற பிழையோடு முடித்து பஃபரை விடுவிக்கலாம்.

பிட் 15 விழுமுன் பஃபரை விடுவித்தால் என்ன ஆகும்? கொன்ட்ரோலரின் டிஎம்ஏ (மெமரிக்கு நேராக எழுதுவது) இன்னும் நின்றிருக்காது. விடுவித்த பக்கத்தை வேறொரு புரொசெஸ் எடுத்துக்கொள்ளும். அதன்மேல் டிஸ்க்கிலிருந்து வந்த கடைசி சில செக்டர்கள் விழும். அந்தப் புரொசெஸ் அரை மணித்தியாலம் கழித்து விழும், அதுவும் டிஸ்க்கோடு தொடர்பே இல்லாத இடத்தில். "ஹொட்-சுவாப் சேர்த்த பிறகு மெமரி அலொகேட்டரில் பிழை" என்று யாராவது சொன்னால் அலொகேட்டரைத் தேடாதீர்கள், இந்த இடத்தைப் பாருங்கள்.

500 மில்லிசெகண்டிலும் பிட் 15 விழாவிட்டால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் மேலே சொன்ன ரீசெட். குளோபல் கொன்ட்ரோலின் பிட் 0, அதாவது முழுக் கொன்ட்ரோலர் ரீசெட், கடைசி ஆயுதம். மற்றப் போர்ட்டுகளில் ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்குகளும் அதில் சேர்ந்து விழும். ஒரு டிஸ்க்கைக் கழற்றியதற்காக வேறு மூன்று டிஸ்க்குகளின் லிங்கை அறுக்கும் டிரைவரை ஹொட்-சுவாப் டிரைவர் என்று சொல்ல முடியாது.

கேர்னல் உறையாமல் பானிக் ஆகிறதென்றால், ஒரே கட்டளையை இருவர் முடிக்கிறார்கள். கழற்றும் பாதை ஒருபக்கம், டைம்அவுட் டைமர் மறுபக்கம், இரண்டும் ஒரே டேக்கைத் தொடுகின்றன. டைமரை நிறுத்தச் சொன்னால் மட்டும் போதாது, அது அந்நேரம் இன்னொரு கோரில் ஓடிக்கொண்டிருக்கலாம். டேக்கின் கோரிக்கைச் சுட்டியை அணு மாற்றத்தால் (இடையில் யாரும் புக முடியாத ஒரே செயலால்) வெறுமையாக்கி, யார் கையில் பழைய மதிப்புக் கிடைத்ததோ அவரே முடிக்கட்டும். வெறுமை கிடைத்தவர் பேசாமல் திரும்ப வேண்டும்.

இவையெல்லாம் சரியாகியும் அன்மவுண்ட் நீண்டநேரம் எடுக்கிறதா? மேல் அடுக்குக்கு நீங்கள் கொடுக்கும் பிழை எண்ணைப் பாருங்கள். "டைம்அவுட்" என்று சொன்னால் மேலே உள்ளவர் மறுபடி முயல்வார். ஆயிரம் அழுக்குப் பக்கங்கள் (டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாத மெமரிப் பக்கங்கள்), ஒவ்வொன்றுக்கும் பல முயற்சி, ஒவ்வொரு முயற்சிக்கும் 30 செகண்ட். "சாதனம் இல்லை" என்றால் உடனே கைவிடுவார்.

அறிகுறி: கழற்றியது டிரைவருக்குத் தெரியவே இல்லை, அடுத்த வாசிப்பில்தான் டைம்அவுட்

பிட் 22ஐ எனேபிள் செய்யாதது ஒரு காரணம். மற்றது, லிங்க் பவர் சேமிப்பு. லிங்க் பார்ஷல், சிலம்பர் என்ற தூக்க நிலைகளுக்குப் போகும்போதும் வரும்போதும் எஸ்-எரரின் பிட் 16 ஏறும். ஆகவே பவர் சேமிப்பு ஓடும் போர்ட்டில் அந்தப் பிட்டை வைத்துக் கழற்றியதைக் கண்டுபிடிக்க முடியாது. எனேபிள் செய்தால் சும்மா கிடக்கும் டிஸ்க் இன்டரப்டாக அனுப்பித் தொல்லை தரும். தூங்கும் லிங்கில் டிஸ்க்கைக் கழற்றினால் கொன்ட்ரோலருக்கு அது விளங்கவும் வழியில்லை. கொழுவுவது மட்டும் பிட் 26ஆல் எப்போதும் தெரியும்.

இதில் சமரசம் வேண்டாம். கையால் தொடும் போர்ட்டில் பவர் சேமிப்பை அணையுங்கள்: கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 26 இறங்கியிருக்க வேண்டும், எஸ்-கொன்ட்ரோலின் 8 முதல் 11 வரையுள்ள பிட்டுகளில் 3 இருந்தால் பார்ஷல், சிலம்பர் இரண்டும் தடை, 7 இருந்தால் டெவ்ஸ்லீப்பும் தடை. எந்தப் போர்ட் கையால் தொடும் போர்ட் என்பதைக் கமாண்ட் ரெஜிஸ்டரின் பிட் 18உம், வெளிப்பெட்டிப் போர்ட்டான ஈசாட்டாவுக்கான பிட் 21உம் சொல்லும். லினக்ஸில் இதே அறிகுறி வந்தால் முதலில் பார்க்க வேண்டியதும் லிங்க் பவர் கொள்கையைத்தான். "மேக்ஸ் பெர்ஃபோமன்ஸ்" என்று மாற்றியவுடன் கழற்றுவது தெரியத் தொடங்கும்.

அறிகுறி: யாரும் தொடாமலே டிஸ்க் போய் வருகிறது

மாரியில் கரண்ட் போய்ப் போய் வரும் நாட்களிலும், ஜெனரேட்டருக்கு மாறும் கணத்திலும் இது வரும். 12 வோல்ட் ஒரு கணம் தாழ்ந்தால் டிஸ்க் தன்னைத்தானே ரீசெட் செய்து மறுபடி லிங்கை ஏற்றும். டிரைவருக்கு அது கழற்றிக் கொழுவியதாகவே தெரியும். இதைக் கழற்றலாக எடுத்தால் ரெய்ட் (பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டிய) தொகுதியிலிருந்து நல்ல டிஸ்க் ஒன்று வெளியே தள்ளப்பட்டு, மணிக்கணக்கில் ரீபில்ட் ஓடும்.

லிங்க் விழுந்தவுடன் கோரிக்கைகளைக் கொல்லாமல் நிறுத்தி வையுங்கள். டிபவுன்ஸ் முடிந்து லிங்க் திரும்பினால் ஐடென்டிஃபை செய்து பழையதோடு ஒப்பிடுங்கள். அதே டிஸ்க் என்றால் நிறுத்தியவற்றை மறுபடி அனுப்புங்கள். லிங்க் திரும்பாவிட்டால் மேலே சொன்ன கழற்றும் பாதை.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பல டிரைவர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. பவர் போய் வந்த டிஸ்க்கின் எழுத்துக் காஷ் காலி. "எழுதியாயிற்று" என்று டிஸ்க் பதில் சொல்லி, பிளாட்டருக்குப் போகாமல் காஷில் இருந்தவை இல்லாமற்போய்விட்டன. சீரியல் ஒன்றாக இருப்பதால் டிரைவர் எதுவும் நடக்காததுபோல் தொடரும், ஃபைல்சிஸ்டத்துக்கும் தெரியாது. ஒப்பீட்டோடு, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைக்கும் ஸ்மார்ட் கணக்கின் 12ஆம் எண்ணையும், அதாவது பவர் எத்தனை தரம் போய் வந்தது என்ற கணக்கையும், கொழுவிய நேரத்து மதிப்போடு பாருங்கள். கூடியிருந்தால் அதே டிஸ்க்காக இருந்தாலும் மேல் அடுக்குக்குப் பிழை சொல்வதே நேர்மை. அதைச் செய்ய மனமில்லையென்றால் அந்தப் போர்ட்டில் எழுத்துக் காஷை அணையுங்கள்; வேகம் குறையும், பொய் குறையும். மெசினை மட்டும் யூபிஎஸ்ஸில் போட்டு, டிஸ்க் பெட்டியின் அடப்டரைச் சுவர் பிளக்கில் விட்டிருந்தால் இதெல்லாம் வீண். இரண்டும் ஒரே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

அறிகுறி: புதிய டிஸ்க்கைக் கொழுவினாலும் பழைய டிஸ்க்கின் ஃபைல்கள் தெரிகின்றன

எல்லாவற்றிலும் ஆபத்தானது இது. பழைய பக்கக் காஷின் அழுக்குப் பக்கங்கள் புதிய டிஸ்க்கின்மேல் எழுதப்பட்டால் இரண்டு டிஸ்க்கின் தரவும் போகும். கை வேகமான ஒருவர் டிபவுன்ஸ் நேரத்துக்குள் மாற்றிவிட்டால் டிரைவருக்குத் தெரிவது ஒரே ஒரு பிட் 26 மட்டுமே.

லிங்க் எப்போது விழுந்து எழுந்தாலும் ஐடென்டிஃபை தரவை ஒப்பிடுங்கள்: சீரியல் 10 முதல் 19 வரையுள்ள வேர்டுகள், ஃபர்ம்வேர் 23–26, மொடல் 27–46, 48-பிட் கொள்ளளவு 100–103, உலகளாவிய பெயர் 108–111. இந்த வேர்ட் எண்கள் தசமம். எழுத்துகள் வேர்டுக்குள் இடம் மாறி இருக்கும். ஒப்பிடப் பரவாயில்லை, அச்சிடுமுன் திருப்புங்கள். மொடலை மட்டும் ஒப்பிடுவது போதாது. கொழும்பிலிருந்து ஒரே தொகுதியில் எடுப்பித்த நான்கு டிஸ்க்கிலும் மொடல், ஃபர்ம்வேர், கொள்ளளவு மூன்றும் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒன்றேனும் வேறுபட்டால் பழைய சாதனப் பொருளைக் கொன்று புதியதை உருவாக்குங்கள். பழைய பொருளுக்குள் புதிய கொள்ளளவை எழுதி ஒப்பேற்ற வேண்டாம்.

அறிகுறி: அதே டிஸ்க் வேறு பெயரில் திரும்புகிறது

பழைய பொருளை யாரோ இன்னும் பிடித்திருக்கிறார்கள். அநேகமாக அன்மவுண்ட் செய்யாத ஃபைல்சிஸ்டம். பெயர் விடுபடாததால் புதியதற்கு அடுத்த எழுத்துக் கிடைக்கிறது. அது சரியான நடத்தை, திருத்தாதீர்கள். மவுண்ட் செய்பவர் ஃபைல்சிஸ்டத்தின் மாறா அடையாள எண்ணான யூயூஐடியைப் பாவிக்கட்டும். யாருமே பிடித்திராதபோதும் பெயர் நகர்ந்தால் மட்டும் எங்கோ ரெஃபரன்ஸ் கணக்கு ஒன்று கூடிக் கிடக்கிறது. பிழையோடு முடித்த கட்டளைகளின் பாதையில் தேடுங்கள்.

அறிகுறி: ஒன்றைக் கொழுவினால் பக்கத்து டிஸ்க்கில் பிழை

டிரைவர் முழுக் கொன்ட்ரோலரையும் ரீசெட் செய்யவில்லை என்று உறுதியானால் இது மின்சாரம். 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறத்தாழ 2 அம்பியர் இழுக்கும். ஒரே வயரில் பிரித்து நான்கு டிஸ்க்குக்குக் கொடுத்திருந்தால் மற்ற மூன்றும் அந்தத் தாழ்வை உணரும். பேக்பிளேன் கனெக்டரில் இதற்கென்றே பின் நீளங்கள் வேறுபடும்: 4, 12ஆம் நிலப் பின்கள் முதலில் தொடும், பிறகு 3, 7, 13ஆம் ப்ரீசார்ஜ் பின்கள், கடைசியில் மற்ற வோல்ட்டேஜ் பின்கள். சாதாரண வயரைக் கையால் செருகும்போது அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது.

வயர் வகை சாட்டா கனெக்டர் 50 தரம் கொழுவிக் கழற்றத்தான் செய்யப்பட்டது. பேக்பிளேன் வகை 500 தரம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் இரவிரவாகப் பதிவு டிஸ்க்கை மாற்றும் ஸ்ரூடியோவில் வயர் கனெக்டர் இரண்டு திருவிழாவோடு சரி. டிரைவரைச் சோதிப்பவர் அதை ஒரு பின்னேரத்தில் முடித்துவிடுவார். ட்ரே உள்ள பேக்பிளேன் பெட்டியில் சோதியுங்கள். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றும், சோளகம் வீசும் மாதங்களில் புழுதியும் தொடுகையைக் கெடுக்கும். ஸ்மார்ட்டின் 199ஆம் எண் (சிஆர்சி பிழை) கொழுவும்தோறும் ஏறினால் டிரைவரில் தேடாமல் ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் தொடுகையைத் துடையுங்கள், அல்லது வயரை மாற்றுங்கள்.

பாவித்த மெசின் வாங்கிச் சோதிப்பவர்களுக்கு ஒன்று. இன்டெலின் 6 வரிசைச் சிப்செட்டில் 3 கிகாபிட் போர்ட்டுகள் காலப்போக்கில் பழுதாகும் என்று அந்தக் கம்பனியே 2011 ஜனவரி 31இல் அறிவித்துத் திருப்பி எடுத்தது. திருத்தியது பி3 ஸ்டெப்பிங் (சிப்பின் பதிப்பு). தப்பி நிற்கும் பி2 போர்டு கிடைத்தால் 6 கிகாபிட் போர்ட்டுகளான 0, 1 இரண்டிலும் மட்டும் சோதியுங்கள்.

எதை எப்படிக் கழற்றிச் சோதிப்பது

சும்மா இருக்கும்போது, வாசிக்கும்போது, 32 டேக்கும் நிரம்ப எழுதும்போது, சுழன்று எழும்பும்போது, கழற்றி ஒரு செகண்டுக்குள் அதையே கொழுவி, கழற்றி ஒரு செகண்டுக்குள் வேறொன்றைக் கொழுவி. ஒவ்வொன்றையும் பக்கத்து டிஸ்க்கில் செக்சம் கணக்கிட்டபடியே செய்யுங்கள். இதற்குமேல் இன்னொன்று: டேட்டா வயரை மட்டும் இழுப்பதும் பவர் வயரை மட்டும் இழுப்பதும் ஒன்றல்ல. டேட்டா வயர் மட்டும் போனால் டிஸ்க் தன் காஷில் உள்ளதை அமைதியாக எழுதி முடிக்கும், ஸ்மார்ட் 12 மாறாது. பவர் போனால் காஷும் போகும், 12உம் ஏறும். ட்ரேயில் இரண்டும் ஒன்றாகப் போவதால் முதல் வகையைச் சோதிக்க ஒரு போர்ட்டையாவது வயரில் விட்டு வையுங்கள்.